மரத்துக்கும் டாக்டர் உண்டு பாஸ்!

ஒரு சின்னக் கேள்வி. உங்க வீட்டு வாசல்ல மரம் இருக்கா? இருக்குன்னா, கடைசியா அதை எப்ப நிமிர்ந்து பார்த்தீங்க? வண்டி மேல எச்சம் போட்ட காக்கா எங்கே உட்கார்ந்திருக்குன்னு தேடினதெல்லாம் கணக்குல வராது. தூர்ல ஆரம்பிச்சு உச்சிக் கொப்பு வரைக்கும், பொறுமையா ஒரு தடவை... ம்ஹூம், இல்லைதானே?

நாம மரத்தை ரெண்டே சமயத்துலதான் பார்க்கிறோம். நடும்போது, போட்டோவுக்காக. விழுந்த பிறகு, அதுவும் போட்டோவுக்காக! இந்த ரெண்டு போட்டோவுக்கும் நடுவுல இருக்கிற முப்பது நாற்பது வருஷம்தான் என் பிழைப்பு.

ஆமாங்க, மரங்களைப் பராமரிக்கிறதுதான் என் வேலை. சென்னையில கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் இருக்கிற வீடுகளுக்குப் போய் மரத்தைச் சோதிச்சு, கவாத்து பண்ணி, தேவைப்பட்டா கயிறு கட்டி இறக்கி... இப்படி ஒரு சின்ன டீம். வெளிநாட்டுல இந்த வேலைக்கு 'ஆர்பரிஸ்ட்'னு கெத்தா ஒரு பேர் இருக்கு. எங்க ஊர்ல எனக்கு இருக்கிற பேர் 'மரம் வெட்டுற பய'. அந்தப் பேர் வாங்கித்தான் ரெண்டு சம்பந்தம் தட்டிப்போச்சு. அது தனிக் கதை!

எங்க ஊர் ஆலங்குளம். தென்காசி போற வழியில பஸ் நிக்குமே, அந்த ஆலங்குளம் இல்லை. இது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம். 1970-ல் அரசு சிமெண்ட் ஆலை வந்த ஊர். ஒரு பக்கம் ராஜபாளையம், இன்னொரு பக்கம் சிவகாசி. கரிசல் மண்ணு, வேப்ப மரம், உடை மரம், சுள்ளுனு வெயில். கடலை நான் முதல்ல பார்த்ததே சிவகாசியில அச்சடிச்ச காலண்டர்லதான். அப்படிப்பட்டவன் கடற்கரை வீட்டு மரங்களுக்கு எப்படி டாக்டர் ஆனான்னு கேட்கறீங்களா? அதுக்கு ரெண்டு பேர் காரணம். ஒண்ணு, என் தாய்மாமா. இன்னொண்ணு, வர்தா.

மாமாவை முதல்ல சொல்லிடறேன். சிவகாசி சுத்துவட்டாரத்துல எந்த வீட்டுல மரம் வெட்டணும்னாலும் மாமாவைத்தான் கூப்பிடுவாங்க. ஒரு அரிவாள், இடுப்புல ஒரு துண்டு, அவ்வளவுதான் செட்டு. கயிறு இருக்கும். ஆனா அது கொப்பை இறக்கத்தான், மாமாவைத் தாங்க இல்லை. இருபது வருஷம் அப்படியே ஏறினார். ஒருநாள் புளிய மரத்துல நின்னு வெட்டும்போது கொப்பு பிளந்து திரும்பி அடிச்சுது. இடுப்பு எலும்பு போச்சு. அன்னிக்குக் கூலி முந்நூறு ரூபாய். இப்போ மாமா டீக்கடை பெஞ்ச்சுல உட்கார்ந்து, ரோட்டுல போற மரமெல்லாம் எந்தப் பக்கம் சாயும்னு சொல்லிக்கிட்டு இருக்கார். பெரும்பாலும் சரியாத்தான் சொல்வார்!

அடுத்தது வர்தா. 2016 டிசம்பர் 12. நான் சென்னையில காலேஜ் ரெண்டாம் வருஷம். காலையில ஆரம்பிச்ச காத்து மதியம் வரைக்கும் பேய் ஆட்டம் ஆடிச்சு. அப்புறம் திடீர்னு கப்சிப். 'விட்ருச்சுடா'னு ஹாஸ்டல் பசங்க எல்லாரும் வெளியில ஓடினோம். புயலோட கண்ணு ஊரைக் கடக்கிற நேரம் அதுன்னு அப்ப யாருக்குத் தெரியும்? கொஞ்ச நேரத்துல அடிச்சுதே ஒரு காத்து... இந்தத் தடவை எதிர்ப்பக்கம் இருந்து! ஒரு பக்கமா இழுத்து இழுத்து வேர் லூஸ் ஆன மரத்தை, மறுபக்கம் இருந்து தள்ளினா என்ன ஆகும்? சாயங்காலம் எங்க தெருவுல நடக்கவே வழி இல்லை. நகரம் முழுக்க ஆயிரக்கணக்குல மரங்கள் படுத்துக் கிடந்துச்சு.

எல்லாரும் 'ஐயோ எவ்வளவு மரம்'னு அழுதப்போ எனக்கு மாமா ஞாபகம் வந்துச்சு. விழுந்த மரங்களோட தூரைப் போய்ப் பார்த்தேன். தூரைச் சுத்தி கழுத்து வரைக்கும் சிமெண்ட். (சிமெண்ட் ஊர்க்காரன் சொல்றேன், சிமெண்ட் போட வேண்டிய இடம் அது இல்லை!) மழைநீர்க் கால்வாய்க்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டினப்போ ஒரு பக்க வேர் முழுக்க வெட்டுப்பட்டிருந்துச்சு. மேலே பார்த்தா, கரண்ட் கம்பிக்காக ஒரு பக்கக் கொப்பு மட்டும் மழிச்சிருக்கு. ஒரு காலை வெட்டிட்டு, ஒரு தோள்ல மூட்டை ஏத்தி நிக்க வெச்ச மாதிரி. புயல் கடைசியா வந்து தள்ளினது மட்டும்தான்!

அன்னிக்கு ஆரம்பிச்ச கிறுக்கு. மரப் பராமரிப்பு பத்திப் பேசற குழுக்கள் பின்னாடி சுத்தினேன். சென்னையில 'நிழல்'னு ஒரு அமைப்பு இருக்கு. கோட்டூர்புரத்துல குப்பை கொட்டிக் கிடந்த இடத்தை மரப் பூங்காவா மாத்தினவங்க. மரத்துல அடிச்ச ஆணியைப் பிடுங்கறதைக்கூட ஒரு வேலையா எடுத்துச் செய்வாங்க. அந்த மாதிரி ஆட்களைப் பார்த்ததும்தான், 'மரம் நடறது விழா. மரத்தைப் பார்த்துக்கறது வேலை'னு புரிஞ்சது.

காயம் ஆறாது!

இப்போ கொஞ்சம் பாடம். தூங்கிடாதீங்க, இன்ட்ரஸ்டிங்காதான் இருக்கும்.

நம்ம கையில அடிபட்டா என்ன ஆகுது? பழைய செல்லுக்குப் பதிலா புது செல் வந்து காயம் ஆறிடும். மரத்துக்கு அந்த வசதி கிடையாது. காயம் பட்ட இடத்தை அது சுவர் வெச்சு அடைக்கும். உள்ளே அழுகல் பரவாம பெட்டி கட்டிட்டு, வெளியில புது மரத்தை வளர்த்து மூடிக்கும். காயம் ஆயுசுக்கும் உள்ளேயே இருக்கும்! அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோதான் இதை 1970-கள்ல தெளிவாச் சொன்னவர். ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின் சாவால நெடுக்கா அறுத்துப் பார்த்துக் கண்டுபிடிச்சார். அதுவரைக்கும் எல்லாரும் மரத்தைக் குறுக்கே வெட்டித்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

ஸோ, கொப்பை எங்கே வெட்டறோங்கறதுதான் எல்லாம். கொப்பு அடிமரத்தோட சேர்ற இடத்துல, சட்டைக் காலர் மாதிரி ஒரு சின்ன வீக்கம் தெரியும். அந்தக் காலருக்கு வெளியே வெட்டினா மரம் அழகா மூடிக்கும். காலரையும் சேர்த்து மொழுமொழுன்னு சீவினா, சுவர் கட்டற கொத்தனாரையே நீங்க வெட்டிட்டதா அர்த்தம். ஒரு முழம் குச்சியை நீட்டிக்கிட்டு விட்டாலும் தப்பு. அந்தக் குச்சி செத்து, அழுகி, அது வழியா கறையான் உள்ளே போகும்.

பெரிய கொப்புன்னா மூணு வெட்டு. முதல் வெட்டு, அடிமரத்துல இருந்து ஒரு அடி தள்ளி, கீழ்ப்பக்கம் இருந்து கொஞ்சம். ரெண்டாவது, அதுக்கும் கொஞ்சம் தள்ளி மேல்பக்கம் இருந்து. கொப்பு பட்டையை உரிக்காம விழுந்துடும். மிச்சம் இருக்கிற மொட்டையைக் காலருக்கு வெளியே எடுக்கிறது மூணாவது வெட்டு. மாமா அன்னிக்குக் கீழ்ப்பக்க வெட்டு போட்டிருந்தா கொப்பு பிளந்திருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கலை. அவருக்கு வேலை கொடுத்த யாரும் கேட்கவும் இல்லை.

வெட்டின இடத்துல தார், பெயின்ட் பூசறாங்களே? பெரும்பாலான மரங்களுக்கு அது தேவையே இல்லை. ஈரத்தை உள்ளே பூட்டி வெச்சு அழுகலுக்கு வசதி பண்ணிக் கொடுக்கிற மாதிரிகூட ஆகிடும்.

அப்புறம் அந்த மொட்டை! புயல் சீசன் வந்தா உச்சியை வட்டமா மொட்டை அடிச்சு 'இப்ப சேஃப்'னு காசு வாங்கிட்டுப் போறாங்க பாருங்க... வேண்டவே வேண்டாம். இலைதான் மரத்துக்குச் சமையல்கட்டு. அதை எடுத்தா, பட்டினி கிடக்கிற மரம் அவசர அவசரமா சிம்பு விடும். அந்தச் சிம்பெல்லாம் மேல்பட்டையில ஒட்டிக்கிட்டு இருக்கிற பலவீனமான கொப்புகள். மூணு நாலு வருஷத்துல கனமாகி, அடுத்த புயல்ல முதல்ல ஒடியறது அதுங்கதான். ஒரு வருஷத்துல மொத்தப் பச்சையில கால் பங்குக்கு மேல எடுக்கக் கூடாதுங்கறது எங்க தொழில்ல கண்டிப்பான கணக்கு.

கடற்கரையில வேற கதை

எங்க ஊர் கரிசல்ல வேர் பிடிச்ச மரத்தைப் பிடுங்க ஆடிக்காத்து வந்தாலும் திணறும். கடற்கரை மணல் அப்படி இல்லை. மணலுக்குப் பிடிமானம் கம்மி. உப்புக் காத்து இலையோட ஓரத்தைக் கருக்கும். போர் தண்ணி உப்பாகிட்டா வேரும் வாடும்.

அதனாலதான் அங்கே எந்த மரம் வைக்கிறீங்கங்கறது முக்கியம். குல்மோகர் மடகாஸ்கர்ல இருந்து வந்தது. தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. சீக்கிரம் வளரும், பூ அள்ளும், நிழல் கொட்டும். ஆனா மெத்து மரம். வர்தா சமயத்துல இந்த மாதிரி மரங்கள் ஏராளமா விழுந்துச்சு. புன்னை, பூவரசு, புங்கை எல்லாம் நம்ம கரையோரத்துக்குப் பழகினவை. நெய்தல் நிலத்து மரம்னு சங்கப் புலவர்கள் புன்னையைச் சும்மா பாடி வைக்கலை! அதுக்காக நாட்டு மரம் விழவே விழாதுன்னு நினைச்சுடாதீங்க. வேரை வெட்டினா வேம்பும் விழும்.

தென்னை இன்னொரு டைப். மத்த மரங்களுக்குப் பட்டைக்கு அடியில புதுசா வளர்ற ஒரு படலம் இருக்கும். தென்னைக்கு அது கிடையாது. ஏறறதுக்கு வசதியா தண்டுல படி வெட்டறாங்களே, அந்தக் காயம் ஆயுசுக்கும் மூடாது. சிவப்புக் கூன்வண்டுக்கு அது திறந்து வெச்ச கதவு. காய்ஞ்ச மட்டையை எடுங்க, பச்சை மட்டையை விடுங்க. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்தப்போ, டெல்டாவுல லட்சக்கணக்கான தென்னைகள் போச்சு. ஒரு தென்னை காய்ப்புக்கு வர எத்தனை வருஷம்னு அங்கே இருக்கிற ஏதாவது ஒரு குடும்பத்துக்கிட்ட கேட்டுப் பாருங்க. பேங்க் டெபாசிட் மொத்தமும் ஒரே ராத்திரியில காணாமப் போனது மாதிரி பேசுவாங்க.

டாக்டர்னா ஆபரேஷனும் உண்டு

'மர டாக்டர்'னதும் எல்லா மரத்தையும் காப்பாத்திடுவான்னு நினைக்காதீங்க. ரெண்டு வீட்டுக் கதை சொல்றேன்.

முதல் வீட்டுல ஒரு பெரிய வேம்பு. நடுவுல பொந்து. வெளிநாட்டுல இருக்கிற பையன் போன்ல 'வெட்டிடுங்கப்பா, அக்கம்பக்கத்துல கேஸ் போட்டுடுவாங்க'னு பயமுறுத்திட்டான். நாங்க போய் மரச் சுத்தியலால சுத்திலும் தட்டிப் பார்த்தோம். பொந்து இருந்தாலே மரம் பலவீனம்னு அர்த்தம் இல்லை. இரும்புக் குழாய் உள்ளே காலிதான், ஆனாலும் பந்தல் தாங்குதுல்ல? சுத்திலும் இருக்கிற மரச்சுவர் எவ்வளவு தடிமன்ங்கறதுதான் கேள்வி. அந்த வேம்புல சுவர் நல்ல கெட்டி. காய்ஞ்ச கொப்பு நாலு, வீட்டுக் கூரை மேல நீண்டது ரெண்டு, அதை மட்டும் இறக்கினோம். தூரைச் சுத்தி இருந்த டைல்ஸைப் பெயர்த்து மண் தெரியவிட்டோம். அந்தப் பெரியவர் மரத்தடியில நாற்காலி போட்டு உட்கார்ந்து, பையனுக்கு வீடியோ கால் போட்டு, 'டேய், உனக்கு முன்னாடி பொறந்தவன்டா இவன்'னார்.

ரெண்டாவது வீட்டுல பெருங்கொன்றை. மேலே பார்த்தா மஞ்சப் பூ, பச்சை இலை, ஒரு குறையும் இல்லை. ஆனா தூர்ல, விறகு மாதிரி கெட்டியா, தட்டு தட்டா காளான். தூர்ல காளான் வந்தா உள்ளே வேர் அழுக ஆரம்பிச்சு நாளாச்சுன்னு அர்த்தம். மரம் சாய்ஞ்சிருந்தது பக்கத்து வீட்டுப் படுக்கை அறைப் பக்கம். அந்த அறையில ஒரு கைக்குழந்தை. 'எங்க அம்மா நட்ட மரம் தம்பி... ஏதாவது மருந்து அடிக்க முடியாதா?'னு அந்த அக்கா கேட்டாங்க. முடியாதுன்னு சொன்னேன். மருந்து அடிக்கிறேன்னு சொல்லி மாசாமாசம் காசு வாங்கி இருக்கலாம். அப்படிச் செய்யறவங்களும் உண்டு. ஒன்றரை நாள் ஆச்சு, துண்டு துண்டா கயிறு கட்டி இறக்க. அடிமரத்தை அறுத்தப்போ உள்ளே புட்டு மாதிரி உதிர்ந்துச்சு. அந்த அக்கா வந்து ஒரு பிடி எடுத்துப் பார்த்துட்டு ஒண்ணும் பேசாம உள்ளே போயிட்டாங்க. அடுத்த வாரம் போன். 'அதே இடத்துல என்ன வைக்கலாம்?' அதே இடத்துல வேண்டாம்கா, பத்தடி தள்ளி வைங்கன்னு சொல்லி, புங்கைக் கன்னு கொண்டுபோய்க் கொடுத்தோம்.

காப்பாத்தின மரத்தை விட, 'இதை எடுத்துத்தான் ஆகணும்'னு சொன்ன மரங்கள்தான் ராத்திரியில ஞாபகம் வரும்.

போர்மேன் இல்லாம மருந்து கலக்கலாமா?

எங்க பக்கத்து ஆட்களுக்கு இதைப் புரிய வைக்கிறது ஈஸி. பட்டாசு ஆலையில போர்மேன் மேற்பார்வை இல்லாம மருந்து கலக்கலாமா? கூடாது. ஏன்? தப்பு நடந்தா உசிரு போகும். உசிரோட விளையாடற வேலையைத் தெரிஞ்சவன் முன்னாடிதான் செய்யணும்னு எங்க ஊர் எத்தனையோ சாவுகளைப் பார்த்துக் கத்துக்கிட்ட பாடம் அது. நாற்பது அடி உசரத்துல, ரம்பத்தோட, கரண்ட் கம்பி பக்கத்துல நிக்கிற வேலைக்கு மட்டும் 'அரிவாள் வெச்சிருக்கற யாராச்சும் வந்தா போதும்'னு விட்டுடறோமே, அது என்ன நியாயம்?

உலக அளவுல 'இன்டர்நேஷனல் சொசைட்டி ஆஃப் ஆர்பரிகல்ச்சர்'னு 1924-ல் ஆரம்பிச்ச அமைப்பு இருக்கு. பரீட்சை வெச்சு சர்ட்டிபிகேட் கொடுக்கிறாங்க. தாவரவியல், வேளாண்மை, வனவியல் படிக்கிற ஸ்டூடன்ட்ஸ், கொஞ்சம் இந்தப் பக்கமும் திரும்பிப் பாருங்க. ஏ.சி. ரூம் கிடைக்காது. ஆனா ஆபீஸ் பூரா நிழல்தான்!

என் முதல் ஹார்னஸ் செட்டை ஊருக்கு எடுத்துட்டுப் போய் மாமாக்கிட்ட காட்டினேன். இடுப்புப் பட்டை, கயிறு, கொக்கி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா இழுத்து இழுத்துப் பார்த்தார். 'என்னடா விலை?' ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கற காசு மாமான்னேன். அப்பா பக்கத்துல இருந்து 'பார்த்தியா இவன் பண்ற கூத்தை'ங்கற மாதிரி முகத்தைத் திருப்பிக்கிட்டார். மாமா மட்டும் அந்தப் பட்டையைத் தன் இடுப்புல வெச்சு அளந்து பார்த்தார். 'ஒரு இடுப்பு வெலையை விடக் கம்மிதாண்டா, மாப்ளே'ன்னார்.

அதனால ஒரே ஒரு வேண்டுகோள். உங்க வீட்டுக்கு மரம் வெட்ட வர்ற அண்ணன்கிட்ட ரேட் பேசறதுக்கு முன்னாடி, 'கயிறு இருக்காண்ணே? ஹெல்மெட் இருக்கா?'னு கேளுங்க. இல்லைன்னா ஏறச் சொல்லாதீங்க. இருக்குன்னா, அதுக்குண்டான காசைக் கொடுங்க. ஐந்நூறு ரூபாய் குறைச்சுப் பேசி ஜெயிச்சுட்டு, அவர் வெறுங்காலோட ஏறறதை மொபைல்ல வீடியோ எடுக்காதீங்க, ப்ளீஸ்.

இந்த ஞாயித்துக்கிழமை...

நீங்களே செய்யக்கூடியது நிறைய இருக்கு. செலவு ஜீரோ. மரத்தை ஒரு சுத்து சுத்தி வாங்க.

தூர்ல காளான், கறையான் புத்து இருக்கா? மண்ணுல புது வெடிப்பு தெரியுதா? மரம் சாய்ஞ்சிருந்தா, அது பழைய சாய்வா புதுச் சாய்வா? பழசுன்னா, சாய்ஞ்ச மரம் வெளிச்சத்தைத் தேடி உச்சியில நிமிர்ந்திருக்கும். அதுக்குப் பயப்பட வேண்டாம். நேத்து நேரா இருந்தது இன்னிக்குச் சாய்ஞ்சு, பின்பக்கம் மண் தூக்கி இருந்தா, கீழே யாரையும் நிக்க விடாதீங்க. மேலே காய்ஞ்ச கொப்பு தொங்குதா? ரெண்டு பெரிய கொப்பு ஒண்ணோட ஒண்ணு நெருக்கி, நடுவுல பட்டை மாட்டிக்கிட்டு இருக்கா? புயல்ல பிளக்கறது பெரும்பாலும் அந்தக் கவைதான்.

தூரைச் சுத்தி சிமெண்ட் இருந்தா கொஞ்சமாச்சும் உடைச்சு விடுங்க. வேர்ல பெரும்பகுதி ஆழத்துல இல்லை, மேலாக ரெண்டு அடி மண்ணுக்குள்ளதான் பரவிக் கிடக்கு. அதுக்குத் தண்ணியும் காத்தும் வேணும். பைப்லைன் தோண்டறவங்க வந்தா, மரத்தை விட்டு எவ்வளவு முடியுமோ அவ்வளவு தள்ளித் தோண்டச் சொல்லுங்க. ஆணி, சீரியல் லைட் கம்பி எல்லாத்தையும் கழட்டுங்க. கொப்பு கரண்ட் கம்பியைத் தொட்டா நீங்க கை வைக்காதீங்க, மின்னகம் 94987 94987-க்கு போன் பண்ணுங்க. தெருவோர மரம் உங்க மரம் இல்லை, அதை வெட்ட அனுமதி வேணும். அரசு நிலத்து மரங்களை வெட்டறதைக் கண்காணிக்க 2021-ல் மாவட்டத்துக்கு மாவட்டம் பசுமைக் குழு போட்டிருக்காங்க.

சென்னைக்கு வந்தா அடையாறு தியசாபிகல் சொசைட்டி ஆலமரத்தை ஒரு தடவை பாருங்க. 1989-ல் அடிச்ச புயல்ல அதோட அடிமரமே சாய்ஞ்சு போச்சு. ஆனா மரம் சாகலை. விழுதுகள் பல வருஷத்துக்கு முன்னாடியே தரையைப் பிடிச்சிருந்துச்சு. இளம் விழுது தரை தொடற வரைக்கும் ஆடுமாடு கடிக்காம, ஆள் ஊஞ்சல் ஆடாம யாராவது பார்த்துக்கணும். 'ஆல்'ங்கற எழுத்துலயே ஆரம்பிக்கிற ஊர்க்காரன் நான், இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டுதானே!

ஆங்... முக்கியமான விஷயம். பெரிய கவாத்து எல்லாம் ஆடி, ஆவணிக்குள்ள முடிச்சுடுங்க. கொப்புல கூடு இருந்தா, குஞ்சு பறக்கிற வரைக்கும் பொறுங்க. ஐப்பசி பொறந்து, டி.வி.யில 'வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு'னு சொன்னதும் பதறிப்போய் போன் பண்ணாதீங்க பாஸ். அப்போ நாங்க எல்லாரும் எங்கேயாவது ஒரு கொப்புல தொங்கிக்கிட்டு இருப்போம். போன் எடுக்க மாட்டோம்!